வலது காது

கட்டுப் பிரித்ததும் மாசாணியம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தாள். சிவந்து வீங்கியிருந்தாலும் காது மாதிரியே இருந்தது. இடது காது இல்லாமல், அந்தப் பக்கத்துத் தாடையும் ஒடுங்கிப் பிறந்தவள் எழில். இந்த ஒன்பது வயதில், அவளுடைய விலாவின் குருத்தெலும்பை எடுத்துக் காதாகச் செதுக்கித் தோலுக்கடியில் வைத்திருந்தார் டாக்டர் சாஜிதா பேகம். தாடைக்கு ஆபரேஷன் இன்னும் வளர்ந்த பிறகுதான் என்று சொல்லியிருந்தார்.

மாசாணியம்மாளுக்குத் தாடையைப் பற்றி இப்போது கவலையில்லை. காதுகுத்துதான் கவலை. உடுமலைப்பேட்டையில் அவள் அண்ணன் லட்சுமணசாமி, தாய்மாமன் சீராகத் தோடு வாங்கி வைத்துக்கொண்டு வருஷா வருஷம் கேட்பார். மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தினால் ஊர்க்கண் முழுக்க அந்த இடத்தில்தான் விழும். ஒரு வருஷம் வேண்டுதல், ஒரு வருஷம் தீட்டு என்று தட்டிக் கழித்தாள். கல்யாணம் காட்சிக்குத் தனியாகப் போய் மகளுக்குக் காய்ச்சல் என்பாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இடப்பக்கம் முடியை இறக்கிச் சீவி, ஹேர்பின் குத்தி அனுப்புவாள். பாசம் இல்லாமல் இல்லை. வெட்கம் அதைவிட ஒரு படி முன்னால் நின்றது, அவ்வளவுதான். அது அவளுக்கே தெரியும்.

இனி ஆஸ்பத்திரி வாசல் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து அண்ணனைக் கூப்பிட்டு நாள் குறிக்கச் சொல்லிவிடலாம்.

"ஏனுங்க டாக்டரம்மா, இதுல எப்பத் தோடு போடலாமுங்க?"

வலிக்குதா கண்ணு என்று மகளிடம் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட்டாள்.

இப்போதைக்கு அதில் ஊசி படவே கூடாது, சீழ் வைத்தால் குருத்தெல்லாம் வீணாகிவிடும் என்றார் டாக்டர். பிறகு எழிலின் முகத்தை மெல்லத் திருப்பி வலப்பக்கம் பார்த்தார்.

"இந்தக் காது நல்லாத்தானே இருக்குது? இதுக்கும் ஏன் குத்தாம உட்டீங்க?"

ஒன்றில் மட்டும் தோடு இருந்தால் இன்னொன்று எங்கே என்று கேட்பார்கள். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"அம்மா குத்தலாமுன்னுதானுங்க சொன்னாங்க," என்றாள் எழில். "எனக்குத்தான் வலிக்குமுன்னு பயமா இருந்துச்சுங்க."

நெஞ்சில் தையலோடு, இருமக்கூட முடியாமல் கிடந்தபோதும் அழாத பிள்ளை. டாக்டர் நம்பினாரோ என்னவோ, தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாசாணியம்மாளால் மகளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அதற்குள் வார்டு வாசலில் பேச்சுக் குரல் கேட்டது, யாரோ வருகிறார்கள். பழக்கதோஷத்தில் அவள் கை முடியை இழுத்துவிட மகளின் இடப்பக்கம் போனது. அங்கே மழித்திருந்தார்கள். எழில் எப்போதும்போல, அம்மாவின் கைக்கு வாகாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.