எதிர் முடுக்கு

இயற்பியல் என்னை இரண்டு தடவை கவிழ்த்திருக்கிறது. இரண்டு தடவையும் தப்பு என்மேல் இல்லை. தப்பெல்லாம் அந்த 'முடுக்கம்' மேல்தான். எங்கள் கயத்தாறில் முடுக்கு என்றால் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே போகும் சந்து. புத்தகத்தில் 'எதிர் முடுக்கம்' என்று பார்த்தாலே போதும், என் மூளை எதிர்த்த சந்துக்குள் நுழைந்து காணாமல் போய்விடும்.

இந்தத் தடவை தேறியே ஆக வேண்டும். நான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே டெக்னீஷியன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், டிப்ளமோ முடித்தவர்களை மட்டும். எனக்கு இந்த ஒரு அரியர்தான் தடை. இல்லாவிட்டால் காலம் பூராவும் லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்க வேண்டியதுதான்.

பக்கத்து லைன் இசைவாணிக்கும் இதே அரியர். வல்லக்கோட்டைக்காரி. ஷிப்ட் முடிந்ததும் சுங்குவார்சத்திரத்தில் என் ஹாஸ்டல் அறைக்கு வந்து கணக்குப் போடுவாள். கணக்குப் போடுவதைவிட என்னைக் கிண்டல் செய்வதுதான் அதிகம்.

"இன்னாடி தங்கமாரி, ஸ்க்ரூவையும் முடுக்கறேன்றே, சந்தையும் முடுக்குன்றே, கணக்குலயும் முடுக்கம்ன்றே. உங்க ஊர்ல வேற வார்த்தையே இல்லியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒனக்கு என்னட்டி தெரியும்? எங்க முடுக்குக்குள்ள போய்ப் பாரு, நாய் வெரட்டும். ஓட்டம் கூடிக்கிட்டே போவும். அதாம் முடுக்கம்!"

அவள் பேனாவைக் கீழே போட்டாள். "ஏய், கரெக்டா கீதுடி! எதுத்தாப்ல இன்னொரு நாய் வந்தா?"

"வேகம் கொறையும். நின்னுருவேன். பொறவு திரும்பி ஓடுவேன்."

"அதாண்டி எதிர் முடுக்கம்!"

இரண்டு வருடமாகப் புரியாத சங்கதி ஒரு நாயால் புரிந்துவிட்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் எங்களைப் பிடிக்க ஆளில்லை. கேரம் போர்டில் மோதல் கணக்கு, சப்பாத்தி மாவு உருண்டைகளில் ஒட்டிக்கொள்ளும் மோதல். உருளும் கணக்குக்காக ஹாஸ்டல் சரிவுப் பாதையில் காலித் தண்ணீர் கேனையும் நிறைந்த கேனையும் ஒன்றாக உருட்டினோம். நிறைந்த கேன்தான் ஜெயித்தது. ஜெயித்த கையோடு கேட்டில் போய் இடித்தது. வார்டன் ஞானம்மா அக்கா எங்களைத் திட்டியதற்கு எந்தச் சூத்திரமும் போதாது.

பரீட்சையில் கடைசிக் கேள்வி: இரண்டு பொருள்கள் எதிரெதிரே வந்து மோதி ஒட்டிக்கொண்டால், குறைந்துபோன இயக்க ஆற்றல் எங்கே போகிறது? 'சத்தமாகவும் சூடாகவும் போய்விடும்' என்று எழுதிவிட்டு வந்தேன். இவ்வளவு சுலபமாகவா கேட்பார்கள் என்று அன்றைக்கே இசைவாணியை நச்சரித்தேன்.

சொந்த ரிசல்ட்டைப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் கிடையாது. அதனால் பதிவு எண்ணை மாற்றிக்கொண்டோம். என்னுடையதை அவள் பார்க்க வேண்டும், அவளுடையதை நான். ரிசல்ட் அன்று சாப்பாட்டு இடைவேளையில் லாக்கருக்கு ஓடி போனை எடுத்தேன். அவளுடைய லாக்கர் அறை வராந்தாவின் அந்தக் கோடியில், என்னுடையது இந்தக் கோடியில்.

இசைவாணி தேர்ச்சி! கத்திக்கொண்டே ஓடினேன். பாதி வழியில்தான் 'என்னுடையது என்ன ஆச்சோ' என்று திக்கென்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

எதிரே அவளும் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

வேகம் என்பது எவ்வளவு என்று மட்டும் சொல்லும். திசைவேகம் எந்தப் பக்கம் என்றும் சொல்லும். நான் ஃபெயில் என்றால் அவள் நடந்து வந்திருப்பாள். இல்லை, கேன்டீனுக்குள் நழுவியிருப்பாள். இவள் நேராக என்னைப் பார்த்து, யூனிபார்ம் கோட்டு பறக்க, முழு வேகத்தில் வருகிறாள். என் ரிசல்ட் அவள் வாயைத் திறக்கும் முன்பே காலில் தெரிந்துவிட்டது.

எதிர் முடுக்கம் நன்றாகப் புரிந்திருந்தும் என்ன புண்ணியம், போட இடமில்லை. தரை வேறு பளபள. மோதினோம். கட்டிக்கொண்டோம். நான் கொஞ்சம் கனம், அதனால் இரண்டு பேரும் நான் வந்த திசையிலேயே வழுக்கி உட்கார்ந்தோம்.

"பாஸ்டி நீ!"

"நீயுந்தாம்ட்டி!"

சூப்பர்வைசர் சிவசங்கர் பதறி ஓடி வந்தார். "இன்னாம்மா இது சத்தம்? அடி பட்டுச்சா?"

இசைவாணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். "ஒண்ணியும் இல்ல சார். ரெண்டு பேரும் மோதிக்கினோம்ல, கொறஞ்ச ஆற்றல் சத்தமா போவுது."

சூடாகப் போக வேண்டிய மிச்சம், என் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.