படத்தில் சடை இருக்கிறது

1

இந்தக் கதை நான் பெற்ற பிள்ளை இல்லை. ஓர் இரும்புக் கேட்டுக்கு முன்னால் கண்டெடுத்தது.

போன ஜூனில் என் அக்கா மகள் சுதாவுக்குத் துணையாக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற சாலையில் இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எக்ஸ்ரே, ஆய்வுக்கூடம், டயாலிசிஸ் என்று படித்த கையோடு வேலைக்குப் போகிற படிப்புகளாகச் சொல்லித்தருகிற இடம். அங்கே கேட்டில் ஒரு பெண்ணை நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான், ஒரு டீ குடிக்கிற நேரம். மீதி என் கைவேலை. எது பார்த்தது, எது கட்டியது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாத இடத்தில் கட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்தத் தொழிலில் கொஞ்சம் கெட்டிக்காரன், தையல் வெளியே தெரியாது.

2

தொடக்கங்கள்.

"தணிகை மலையில் காலை மணி ஒலித்தபோது அனுசுயா தன் கருங்கூந்தலை இறைவனுக்கு" — (வேண்டாம். கருங்கூந்தல் என்று எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கே.ஜி.கண்டிகையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு இருப்பது முடி.)

"சேர்க்கைத் தகுதிகள் பின்வருமாறு." (இது பிடித்திருக்கிறது. ஆனால் இதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.)

"அனுசுயா மொட்டை அடித்துக்கொண்டு தேர்வெழுத வந்தாள்." (இதுதான். இதை வைத்துக்கொள்கிறேன்.)

மொட்டையில் என்ன அதிசயம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். திருத்தணி பஸ் நிலையத்தில் ஒரு கல்லை விட்டெறிந்தால் ஒரு மொட்டை மேல்தான் விழும். ஆண், பெண், கைக்குழந்தை, எல்லாத் தலையிலும் சந்தனம். அதிசயம் தலையில் இல்லை, ஹால் டிக்கெட்டில் இருக்கிறது. அந்தப் படத்தில் அவளுக்கு இடுப்பு வரை சடை.

3

தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் பதற்றம் உங்களுக்குப் புரியாது.

பிளஸ் டூ தேறியவர்களுக்குத் தேர்வே இல்லை, நேராகச் சேரலாம். பத்தாவதோடு நின்றவர்களும், சுதாவைப் போல பிளஸ் டூவில் இயற்பியலோடு சண்டை போட்டவர்களும் இதை எழுத வேண்டும். கணக்கு, கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் ஆங்கிலம். மதிப்பெண்ணில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு மேலே வந்தால் இந்த ஆண்டே டிப்ளமோ. கீழே வந்தால் முதலில் அடிப்படை வகுப்பு, டிப்ளமோ அடுத்த ஆண்டு. தேர்வுக்கு வராவிட்டால் இரண்டும் இல்லை. "இத்தேர்வில் வெற்றி தோல்வி கிடையாது, மாணவர் எந்த வகுப்பில் அமர வேண்டும் என்பதை அறிய மட்டுமே" என்று வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.*

(* எங்கள் பக்கத்தில் இதை ஓர் உயிரும் நம்பவில்லை. அந்த அறிவிப்புக்குக் கீழேயே இரண்டு பேர் தேங்காய் உடைத்தார்கள். தோல்வி இல்லாத பரீட்சை என்பது புளி இல்லாத குழம்பு என்று நினைக்கிறவர்கள் நாங்கள்.)

இனி அனுசுயா. பெயர் நான் வைத்தது. வயது முப்பதை ஒட்டி. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆயா வேலை, அதாவது தரை துடைப்பதும் பெட்பேன் எடுப்பதும். கணவன் பூபாலன் ஆட்டோ ஓட்டுகிறான். மாமன் மகன், அதனால் கல்யாணம் ஆகியும் அவளுக்கு அவன் பாவாதான்.

முதல் வரைவில் அவளுக்குத் துளசிங்கம் என்று ஒரு சிறுநீரக நோயாளி அப்பாவைக் கொடுத்திருந்தேன். "எங்க நைனா அந்த மெஷின்ல படுத்துகினு இருக்கிறத பாத்துதான்" — (அடித்துவிட்டேன். ஒரு பெண் படிக்க ஆசைப்பட்டால் வீட்டில் யாராவது சாகக் கிடக்க வேண்டுமா? நைனா நல்லபடியாகப் பள்ளிப்பட்டில் தறி ஓட்டட்டும்.) அவளுக்கு அந்த இயந்திரம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். டயாலிசிஸ் அறையைத் துடைக்கும்போது குழாயில் ரத்தம் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கே ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் புதிதாக இன்னும் நாலு இயந்திரம் வருகிறது. இந்த ஆண்டு டிப்ளமோவில் சேர்ந்தால் பகுதி நேரமாக அந்த அறைக்கு மாற்றுவதாக மேட்ரன் சொல்லியிருக்கிறார். சேராவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள், இவள் கையில் துடைப்பம் தங்கிவிடும்.

4

மொட்டை எப்படி நடந்தது?

அவள் பத்தாவது படித்தது நகரியில், எல்லைக்கு அந்தப் பக்கம். ஆந்திரச் சான்றிதழ் இங்கே செல்லும் என்று தனியாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அது இழுத்துக்கொண்டே போனது. அது இல்லாமல் ஹால் டிக்கெட் இல்லை. அப்போதுதான் திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டு, ஹால் டிக்கெட் வந்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். தேர்வுக்கு முந்தின நாள் காலையில் வந்தது. சாயங்காலமே மலை ஏறிவிட்டாள்.

"டெஸ்ட் முடிச்சிகினு அடிச்சிருக்கலாம் இல்ல?" என்றான் பூபாலன்.

"வேண்டிகினது ஹால் டிக்கெட்டுக்கு. அவரு குடுத்துட்டாரு. நான் மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிகினு திரியறதா?"

"அதுக்கு டெஸ்ட்ல பாஸ் ஆவணும்னு வேண்டிகினு இருக்கலாம்."

"உள்ள உக்கார வெக்கிறது அவரு வேல பாவா. எழுதறது என் வேல. அதுக்கெல்லாம் அவர கூப்புட மாட்டேன்."

(இந்தக் கடைசி வரியை எழுதியதும் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். இவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு இது நல்லதில்லை.)

5

கேட்டில் இருந்தவர் பக்தவச்சலம், தேர்வுக் கண்காணிப்பாளர். இவர் பேச்சு பெரும்பாலும் என் காதில் விழுந்தது.

"ஹால் டிக்கெட்ல கீறது யாரும்மா?"

"நான்தான் சார்."

"இந்தப் பொண்ணு சடை போட்டுகினு, பூ வெச்சிகினு கீது."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நானும் அப்படித்தான் சார் இருந்தேன்."

ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு பூபாலன் வந்தான். "சார், இது என் சம்சாரம் சார். எனக்குத் தெரியாதா?"

"புருஷன் சாட்சி செல்லாதுப்பா. போன வருஷம் ஒருத்தன் இதே எடத்துல நின்னுகினு இதேதான் சொன்னான். உள்ள போய் எழுதினது அவன் மச்சினிச்சி. மெமோ எனக்கு வந்துச்சு. இன்னொண்ணு வந்தா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"ஆதார் கீது சார், பாருங்க" என்றாள் அனுசுயா.

"அதுலயும் சடைதாம்மா கீது."

முதல் வரைவில் பக்தவச்சலம் வில்லன். மீசை எல்லாம் வைத்திருந்தேன். மெமோ பேச்சு நினைவுக்கு வந்ததும் எடுத்துவிட்டேன். விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் எல்லாம் கெட்டவன் என்று எழுதுவது சுலபம், அவன் வேலைக்கு யார் பொறுப்பு?

அடுத்த வரைவில் இவருக்கே ஒரு மொட்டை கொடுத்தேன், பேரனுக்குக் காது குத்தியபோது அடித்தது. அனுசுயா அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காட்டி, "உங்க போட்டோல கூட முடி கீது சார்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவர் — (அடித்துவிட்டேன். கைதட்டல் வாங்குகிற வரிதான், தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் மூக்குடைந்த மனிதன் கேட்டைத் திறக்க மாட்டான், இன்னும் இறுக்கிச் சாத்துவான். அனுசுயாவுக்கு அந்த விவரம் உண்டு. அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.)

6

கைரேகை வைத்துப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ரேஷன் கடையிலேயே இருக்கிறதே.

நானும் யோசித்தேன். ஒரு கருவியைக் கொண்டுவந்து கேட்டில் வைத்தேன். அவள் விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போய்விட்டாள், கதை முடிந்தது. எனக்கு இன்னும் ஏழெட்டுப் பத்தி எழுத ஆசை. அதனால் பச்சைக்குப் பதில் சிவப்பு விளக்கை எரிய வைத்தேன். பினாயில் பட்டுப் பட்டு அவள் விரல் ரேகை தேய்ந்துவிட்டது என்று ஒரு காரணமும் சொன்னேன். படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. அவளுடைய ஒரு வருடத்தை என் பத்திகளுக்காக அடகு வைக்கிறேன். கருவியை எடுத்துவிட்டேன். உண்மையிலும் அங்கே எந்தக் கருவியும் இல்லை.

7

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) உள்ளே விட்டார்கள். எழுதினாள். கோட்டுக்கு மேலே வந்தாள். சுழல் நாற்காலியில் — (இனிப்பு கூடிவிட்டது.)

(ஆ) விடவில்லை. பூபாலன் ஆட்டோவைத் திருப்பினான். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். (எழுதிவிட்டு மனம் தாங்கவில்லை. நிஜமாகவே தாங்கவில்லை.)

(இ) விட்டார்கள், கோட்டுக்குக் கீழே வந்தாள். (கதையாக இதுதான் ஒழுங்கு. ஆனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அவள் கணக்கு எப்படிப் போடுவாள் என்று எனக்கு என்ன தெரியும்?)

8

பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பக்தவச்சலம் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கேட்டுத் தூணின் நிழலுக்குப் போனார். கட்டைவிரலால் படத்தில் இருந்த முடியை மறைத்தார். மிச்சமிருந்த முகத்தைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, சிரிக்கவும் இல்லை. புருவத்துக்கு இறங்கியிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, ஸ்டுடியோவில் நிற்பதுபோல் முகத்தை நேராக வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சுதா ஓடிவந்து, "மாமா, பேனா எழுத மாட்டேங்குது" என்றாள். நான் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து சுதாவிடம் பேனாவைக் கொடுத்தபோது கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் இல்லை, ஆட்டோவும் இல்லை. உள்ளே போயிருந்தால் பூபாலன் சவாரிக்குப் போயிருப்பான். போகாவிட்டால் இருவரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பக்தவச்சலத்தைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயமாக இருந்தது, அதுதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுவரை நீங்கள் அனுசுயா பக்கம் நின்றிருப்பீர்கள், நிற்க வைத்தவன் நான். வேண்டுதல் நான் கட்டியது. துடைப்பம், சுழல் நாற்காலி, மேட்ரன், "எழுதறது என் வேல", எல்லாம் நான் கட்டியது. கேட்டில் நின்ற அந்தப் பெண் படத்தில் இருந்தவளா, அவள் தங்கையா, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஆள் மாற்ற வேண்டுமென்றால் மொட்டையைவிட நல்ல வேஷம் கிடையாது. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பக்தவச்சலத்துக்கு அது தெரியும். தெரிந்துதான் அவ்வளவு நேரம் பார்த்தார்.

ஆகவே என் அனுசுயாவை எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் பெயர் தெரியாத ஒரு மொட்டைத் தலைப் பெண்ணும் ஒரு ஹால் டிக்கெட்டும் மட்டுமே மிச்சம். கட்டைவிரலை வைத்துச் சடையை மறையுங்கள், பூவையும் சேர்த்து. தவறாக விட்டால் ஒருவர் வேலை போகும். தவறாக நிறுத்தினால் ஒருத்திக்கு ஒரு வருடம் போகும். உள்ளே வினாத்தாள் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள்.

"உள்ள போவட்டுங்களா?"