சொட்டுவின் மருத்துவ விடுப்பு

ஏரித் தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் மெஷினுக்கு நூறுக்கு மேல் எண்ணத் தெரியாது. தாண்டினால் திரையில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கையை விரித்துவிடும். சுரங்கக் கழிவு வந்து இறங்கும் ஏரியாதலால் இம்முறையும் கோடுதான். ஆய்வக உதவியாளர் முறைப்படி ஒரு பங்கு ஏரித் தண்ணீரோடு தொண்ணூற்றொன்பது பங்கு சுத்தத் தண்ணீர் கலந்து மறுபடி வைத்தார். ஒன்பது என்றது. நூறால் பெருக்கினால் தொள்ளாயிரம். குடிப்பதற்கு வரம்பு பத்து.

பத்தொன்பது வருஷமாகச் சொட்டுச் சொட்டாக அளந்ததில் உதவியாளருக்குச் சொட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேலாளருக்கு இருந்தது பதவிப் பெயர். அறைக் கதவின் அகலம் போதாமல் அதன் கடைசிச் சொல் சுவரில் ஏறியிருந்தது.

“ஒன்பதா? பிரமாதம்” என்றார் மேலாளர்.

“சார், நூறால பெருக்கணும்.”

“எதுக்கு?”

“நாமதானே சார் தண்ணி கலந்தோம்.”

“படிவத்துல பெருக்குறதுக்குக் கட்டம் இருக்கா?”

இல்லை. ‘முடிவு’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

“திங்கக்கிழமை ஏரிக்கரைக் குடியிருப்புக்குக் குழாய் திறக்குறோம். ரிப்பன் வந்தாச்சு, கத்தரிக்கோல் வந்தாச்சு. நீங்க என்னடான்னா வாய்ப்பாடு ஒப்பிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”

“என் தங்கச்சி வீடு அங்கதான் சார். ஆறு மாசக் குழந்தை, புட்டிப்பால்.”

“பாத்தீங்களா, உங்க குடும்பத்துக்கே நல்லது நடக்குது.” மேலாளர் ஒன்பதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, குடம் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு. இனி அந்தத் தொல்லை இல்ல.”

“குழந்தைக்கு அந்தத் தண்ணிய குடுக்காதே.”

“நல்லா இருக்கே! உன் ஆபீஸ் முத்திரையோட தெருமுனையில போர்டு வெச்சிருக்காங்க. உன் மச்சான் ஊரைக் கூட்டி ‘என் மச்சினன் சோதிச்ச தண்ணி’ன்னு பீத்திக்கிறாரு. சரி, நான் குடுக்கல. பக்கத்து வீட்ல ரெண்டு கைக்குழந்தை. அதுங்களுக்கு யாரு சொல்றது? போர்டு பொய்யின்னு நான் போய் நிக்கவா?”

சொட்டு விடுப்புப் படிவம் ஒன்றை உருவி எடுத்தார்.

ஒன்று அவருக்குத் தெரியும். தலைமை அலுவலகத்தில் தண்ணீர் அறிக்கையை யாரும் பிரிப்பதில்லை. விடுப்புப் படிவத்தையோ பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். ஓட்டுநர் ஒருவர் தன் ஒரே மாமியாரை மூன்றாவது முறையாகச் சாகடித்தபோது பிடித்தது அவர்கள்தான்.

சொட்டு மருத்துவ விடுப்புக்கு எழுதினார். காரணம்: ‘குழாய்க்கென எடுத்த ஏரித் தண்ணீரைக் குடித்ததில் வயிற்றுக் கோளாறு.’ பொய் எழுதிப் பழக்கமில்லாததால் முதலில் ஒரு மடக்கு குடித்துக்கொண்டார். வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. பயத்தாலும் இருக்கலாம், படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

மேலாளர் கத்தரிக்கோலைக் காகிதத்தில் வெட்டிப் பார்த்துக்கொண்டே, படிக்காமல் கையெழுத்திட்டார். தண்ணீர் அறிக்கையும் விடுப்புப் படிவமும் ஒரே உறையில் தலைமை அலுவலகத்துக்குப் போயின.

திங்கள் காலை, ரிப்பன் கட்டிய பிறகு, தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே கையெழுத்தில் ஒரு தாள் குடிக்கலாம் என்கிறது, இன்னொன்று குடித்தவருக்கு விடுப்புத் தருகிறது; ஊழியர் குணமாகி, பணிக்குத் திரும்பி, நேரில் விளக்கம் தரும்வரை குழாயைத் திறக்க வேண்டாம்.

மேலாளர் போனில் குழைந்தார். “சொட்டு, உடம்பு எப்படிப்பா இருக்கு? நாளைக்கு வந்துரலாம்ல?”

சொட்டு வாயிலிருந்த கவளத்தை நிதானமாக விழுங்கினார்.

“ரொம்ப மோசமா இருக்கு சார்.”

போனை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். ஒருநாள்கூட எடுக்காமல் சேர்ந்த மருத்துவ விடுப்பு நூற்றெண்பது நாள். அது தீரும்போது குழந்தைக்கு ஒரு வயது ஆகியிருக்கும்.