கோட்டுப் போட்ட சுருளிராஜன்

கோம்பையில் சுருளிராஜனுக்குக் கட்டிய பிளக்ஸ், சுருளிராஜனைவிட மூன்று மாதம் முந்தி டாக்டர் பட்டம் வாங்கியது. இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய அவனுக்கு அரசாங்க உதவித்தொகை கிடைத்த வருஷம், தாய்மாமன் ராக்கையா பஸ் ஸ்டாண்டில் வைத்த பிளக்ஸ் அது. அவனிடம் கோட்டு கிடையாது. தேனி ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே ஒன்றை மாட்டிவிட்டார். கொண்டாட்டம் முடிந்ததும், எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி, அவன் அம்மா கஸ்தூரியம்மாள் அதை அவிழ்த்து மாட்டுத் தொழுவத்துக்கு மேலே போட்டாள். ஐந்து வருஷ மழையும் வெயிலும் அதன் தலையில்தான் விழுந்தன. ஒருநாள் கூரை மாற்றுவதற்காக இழுத்துப் போட்டுப் பார்த்தால், சாயம் மங்கவில்லை, ஒரு கிழிசல் இல்லை, பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று புதிதாக விழுந்திருந்தது. டாக்டரைத் தொழுவத்தில் வைக்கலாமா? வாசலில் இரண்டு கம்பு நட்டு நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் பிளக்ஸுக்கு ஏறுமுகம். தை மாதம் மூக்குக்கண்ணாடி போட்டது. அடுத்த வருஷம் முதுகுக்குப் பின்னால் பனி விழுகிற வெளிநாட்டுக் கட்டடம் வந்தது. கழுத்தில் பதக்கம், காதோரம் நாலு நரை, காலடியில் ‘இயக்குநர்’ என்று எழுத்து. சுருளிராஜனோ வடக்கே ஒரு ஆய்வகத்தில் தற்காலிகமாக இருந்தான். திட்டம் முடிந்ததும் பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். பொட்டிப்புரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரும் வரும் என்று நாலு வருஷம் காத்துக் கிடந்தான். ஒரு இடத்தில் வயது கூடிவிட்டது என்றார்கள், இன்னொரு இடத்தில் படிப்பு கூடிவிட்டது என்றார்கள். கடைசியில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்கிற வேலை கொடுத்தார்கள். சொந்த ஊரிலேயே நோட்டீஸை நீட்டினான். “உங்க காலேசுல படிச்சா அந்தா பிளக்ஸுல இருக்காகளே, அவுக மாதிரி வர முடியுமா?” என்று கேட்டார்கள். நான்தான் அவன் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பிள்ளையும் சேரவில்லை. கல்லூரியும் அவனை அனுப்பிவிட்டது.

முப்பத்தேழு வயதில் வீட்டோடு வந்து திராட்சைப் பந்தலில் கொடியைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு, போடியிலிருந்து சம்பந்தம் வந்தது. ஏலக்காய் வியாபாரி அய்யாத்துரையின் மகள் மகாலட்சுமி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு ஆசை. அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்தான்.

“மாப்பிள்ளையத்தான் இந்தா பாத்துட்டோம்ல, நல்லா லட்சணமா இருக்காக,” என்றார் அய்யாத்துரை, பிளக்ஸைக் காட்டி. “இது யாரும்மா?”

எம் மகன் என்று அம்மா சொன்னால் போதும், மற்றதை அவன் பேசிக்கொள்வான். கஸ்தூரியம்மாள் பிளக்ஸைப் பார்த்தாள். அவர்கள் கொண்டுவந்த தாம்பாளத்தில் இருந்த பட்டுச் சேலையைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள்.

“தோட்டத்து ஆளுய்யா. ரொம்ப நாளா இங்கனதான் கெடக்கான்.”

அடப்பாவி மகளே, பெற்றவள் வாய்தானே அது!

வைகாசியில் கல்யாணம். பிளக்ஸை மணவறையில் சாய்த்து வைத்தார்கள், நாத்தனார் முறைக்காரி ஒருத்தி மூன்று முடிச்சும் போட்டாள். மகாலட்சுமி மாலை போட்டதும் பிளக்ஸுக்கு முகம் சிவந்தது. அது சரியாமல் பின்னால் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சுருளிராஜன்.

ஆடி பிறந்து கணவாய்க் காற்று இறங்கிய அன்று, நல்ல பட்டப்பகலில், அவன் வாசல் பிளக்ஸின் ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தான். போய்த் தொலையட்டும், தேனியைத் தாண்டி எங்கேயாவது போய் விழட்டும் என்றுதான் அவிழ்த்தான். பிளக்ஸ் படபடவென்று எழும்பியது. கஸ்தூரியம்மாள் அடுப்படியிலிருந்து தலைவிரிகோலமாக ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

“ஏலே, விட்றாதடா! ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன். நான் பெத்த புள்ளடா அது!”

அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். நடிப்பாக இருந்தால் அப்போதே விட்டிருப்பான். அவளுக்கு உண்மையிலேயே அவனைத் தெரியவில்லை. கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மகாலட்சுமி முதல் இலையைப் பிளக்ஸுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தொழுவத்தில் அவனுக்கு வைத்தாள்.

பிளக்ஸ் இன்றும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் அதற்கு இன்னொரு பதவி உயர்வு. ஆடிக் காற்றுக்கு மட்டும் யாராவது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறது.