ஆருமில்லாத கந்தப்போடி

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகுதான் வாவிக்கரையில் இருந்த பழைய நெல்லுக் களஞ்சியத்தை மாதா கோயில்காரர் வீடற்றவர்களுக்கான அடைக்கல வீடாக மாற்றினார்கள். காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் நெளியும். அப்போது பாய்களில் கிடப்பவர்களோடு வீடே மெல்ல மிதந்து போவதாக மார்கிறட்டுக்குத் தோன்றும். கஞ்சி காய்ச்சுவது, பாய் உதறுவது, செபம் சொல்லுவது எல்லாம் அவள் வேலை. ஆறு வருடமாகியும் அலுக்கவில்லை.

அங்கே கிடந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இருக்காதா பின்னே? மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் முடிந்தால் பெரிய வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்வளவில் குடில் போட்டு ஒதுங்கிவிடுவார்கள். வீட்டைக் கட்டிய மனுசனுக்கு அதில் ஒரு ஆணிகூடச் சொந்தமில்லை. இந்த அழகில் மீசை முறுக்கல் வேறு.

பழுகாமத்துக் கந்தப்போடி மார்கழி மழையோடு வந்து சேர்ந்தார். சொந்தக்காரர் உள்ளவர்களைச் சேர்க்கக்கூடாது என்பது வீட்டுக்குப் பொறுப்பான பாதிரியார் தோமஸ் சுவாமியின் கண்டிப்பு. தனக்கு ஆருமில்லை என்றார் கிழவர். ஆனால் பகலில் கண்ணயர்ந்தால் போதும், "சீதேவி, சீதேவி" என்று முனகுவார். மார்கிறட் கேட்டபோது மறைக்கவில்லை. சீதேவிப்பிள்ளை அவருடைய ஒரே மகள். அவளுடைய மகளுக்குத் தையில் கலியாணம். பெரிய வீடு பேத்திக்குப் போகும். மகளும் மருமகனும் பின்வளவுக் குடிலுக்கு வரவேண்டும். மனைவி செத்த பிறகு கந்தப்போடி தனியாகப் படுத்திருந்தது அந்தக் குடிலில்தான். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லும் நிலை மகளுக்கு வரக்கூடாதென்று அவரே ஒரு விடியலில் தோணி ஏறிவிட்டார்.

மகள் தேடி வந்தால் தான் இங்கே இல்லையென்று சொல்லும்படி மார்கிறட்டின் கையைப் பிடித்துக் கேட்டார். அவளும் மனம் இளகி வாக்குக் கொடுத்துவிட்டாள். சுவாமியிடம் மூச்சுவிடவில்லை.

தை பிறந்து சில நாளில், வாவியெல்லாம் பனி மூடிக் கரை எது தண்ணீர் எது என்று தெரியாத ஒரு காலையில், முழங்கால் வரை நனைந்த சேலையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கனவில் வருகிறவர்களைப்போல அவள் வந்த சத்தமே கேட்கவில்லை. மூக்கும் நெற்றியும் அப்படியே கந்தப்போடி. பழுகாமத்தில் இருந்து அப்பாவைத் தேடி வருவதாகச் சொன்னாள்.

"அப்படி ஒருத்தரும் இஞ்ச வரல்ல," என்றாள் மார்கிறட். பேசுவது தானில்லை, வேறு யாரோ என்று இருந்தது.

சீதேவிப்பிள்ளை தலையாட்டினாள். ஆஸ்பத்திரி, கோயில், சந்தை எல்லாம் பார்த்தாயிற்றாம். அப்பா இல்லாமல் கலியாணத்துக்கு நாள் வைக்க மனமில்லாமல் தள்ளிப்போட்டிருக்கிறார்களாம்.

"எங்கயும் கண்டா, குடிலோட சேத்து அவருக்கொரு அறை கட்டியிருக்கம் எண்டு சொல்லுங்க அக்கா."

திரும்பி நடந்து பனிக்குள் மறைந்தாள்.

மார்கிறட் கதவைச் சாத்தினாள். வாக்கை மீறுவதா, சொன்ன பொய்யா, எது பெரிய பாவம்? உள்ளே போனாள். கந்தப்போடி பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகள் வந்தது எப்படியோ தெரிந்திருக்கிறது. என்ன சொன்னாள், போய்விட்டாளா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"மெலிஞ்சு போனாளா, மகள்?" என்றார்.

மார்கிறட் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள். தோணி தெரியவில்லை, துடுப்புச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, நான் சொன்னது பொய். அப்பா இஞ்சதான் இருக்கார்."

துடுப்புச் சத்தம் நின்றது.