அக்கரையில் ஒரு வீடு

பிளாசி தன் தோளில் கல் சுமந்து கட்டிய பாலத்தின் வயிற்றில்தான் இப்போது வெடிமருந்து இருந்தது. ஜெர்மன் படை சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தால் காவல் குடிசையில் தொலைபேசி அடிக்கும். வெடிப்பெட்டியின் கைப்பிடியை அவன் அழுத்த வேண்டும். பிரான்ஸ் விழுந்த கோடைக்காலம் அது. பெரிய தலைகள் கூடி வரைபடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே இருக்கும் மலைகளை உயிரைக் கொடுத்துக் காப்பார்களாம். வெளியே விடப்பட்ட ஊர்களில், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பிளாசியின் ஊரும் ஒன்று. உள்ளூர்ப் பாலத்தை உடைக்க உள்ளூர்க்காரனையே நிறுத்திய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்க நினைத்திருந்தான்.

அன்று மதியம் அவன் மனைவி பர்லா வழக்கம்போல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு பாலம் கடந்து வந்தாள். அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. இந்த வாரமே உத்தரவு வரலாமென்று காலையில் கேப்டன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இக்கரையில், மலைமேட்டு ஊரில் இருக்கும் அத்தையிடம் இடம் சொல்லியாகிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்றே வந்துவிடும்படி கெஞ்சினான்.

"நான் மூட்டை கட்டினா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றாள் பர்லா. "காலைல எழுந்ததும் ஊரே நம்ம வீட்டைத்தான் பாக்குது. வெடி வைக்கிறவன் பொண்டாட்டி இருக்காளா, ஓடிட்டாளான்னு. நான் கிளம்பினா பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அறுத்த புல்லு அப்படியே கிடக்குது. அதை யாரு அள்ளிப் போடுறது? பனி விழுந்தா மாடு எதைத் தின்னும்?"

"ஊரு எக்கேடும் கெட்டுப் போகட்டும், பர்லா."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லு. நான் அந்தப் பக்கம் இருந்தா நீ அழுத்துவியா, மாட்டியா?"

கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

"அழுத்துவேன்."

தன் குரல் அவனுக்கே பயமாக இருந்தது. பர்லா முகம் சுளிக்கவில்லை. நேற்றைய காலிப் பால்கேனை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ சரி. எனக்காக அழுத்தாம இருந்துடுவியோன்னுதான் பயந்துட்டிருந்தேன். சாப்பிடு, காஞ்சு போகுது."

திரும்பிப் பார்க்காமல் பாலம் கடந்து போனாள். அவனுக்குக் கோபமாக வந்தது. அவளைப்போல இன்னொருத்தி இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை என்ற கர்வமும் கூடவே வந்து தொலைத்தது.

அவள் போன கொஞ்ச நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. பாலத்தில் இனி வண்டி எதுவும் வரக்கூடாது, மரத்தடிகளைக் குறுக்கே போடு, தொலைபேசியை விட்டு நகராதே என்றார் கேப்டன். பிளாசியின் கீழிருந்த சிப்பாய்கள் தடிகளை உருட்டும் சத்தம் கேட்டு அக்கரையில் கதவுகள் திறந்தன. பாதை அடைபடுமுன் தப்பிக்க யாரோ கோவேறு கழுதையை வண்டியில் பூட்டினார்கள். ரொட்டிக்கடை கியாக்கன் ஒரு பெட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். பிறகு எல்லோரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

பர்லா வெளியே வந்தாள். வீட்டிலிருந்த கம்பளிகள் அத்தனையையும் தொட்டியில் போட்டு நனைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்க முடியாமல் தூக்கிக் கொடியில் போட்டாள். அந்தக் கம்பளிகள் காய எப்படியும் இரண்டு நாளாகும். ஈரக் கம்பளியைச் சுமந்துகொண்டு எவளும் ஊரைவிட்டு ஓடப் போவதில்லை.

பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே கியாக்கன் நின்றான். இக்கரையில் பிளாசியின் கையும் வெடிப்பெட்டியின் மேல்தான் இருந்தது. கம்பளிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.