நான்கெழுத்துக் கட்டளை

இதில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதில் எனக்கு உறுதியில்லை. நடந்தவை எல்லாம் நினைவில் இருக்கின்றன. வரிசை மட்டும் சில நாள் ஒரு மாதிரியும் சில நாள் வேறு மாதிரியும் வருகிறது. மற்றவர்களுக்கு அது சின்ன விஷயம். எனக்கு அந்த வரிசைதான் எல்லாம். ஒரு வரிசையில் நான் முட்டாள். இன்னொன்றில் அதைவிடக் கேவலமானவன்.

1994 குளிர்காலம், தாய்பெய்க்குப் பக்கத்து ஊரான சொங்லி. எங்கள் வேதிப்பொறியியல் துறையின் மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பெரிய யூனிக்ஸ் கணினி இருந்தது. துறையில் இருந்த நூற்று நாற்பது பேருக்கும் அதில் கணக்கு உண்டு. அதோடு இணைத்த பதினோரு டெர்மினல்கள், திரையும் விசைப்பலகையும் மட்டும். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு நீல ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மழை விடாமல் தூறும் மாதங்களில், வாசலில் கிடக்கும் ஈரக் காலணிகளைப் பார்த்தே உள்ளே யார் யார் என்று சொல்லிவிடுவேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்குப் பதிலாக ஆய்வகத்தில் மற்றவர்கள் முறை வைத்துச் செய்யும் வேலை எனக்குக் கிடையாது. இயந்திரம் முழுவதையும் திறக்கும் ரூட் கடவுச்சொல், மாணவர்களில் என் ஒருவனிடம்தான் இருந்தது.

கணினிக்குள் எல்லோரும் எழுதிப் படிக்கும் அறிவிப்புப் பலகையை நிறுவியதும் நான்தான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பழைய புத்தகம் விற்க ஒரு பலகை, கூடைப்பந்துக்கு ஒன்று, பேர் சொல்லாமல் எழுத ஒன்று. அந்தக் கடைசிப் பலகையில் எழுதுகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'யாரோ' என்று விழும். உண்மைப் பெயர் எங்கும் பதிவாகாது என்று அதன் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அது பொய். யாராவது ஆபாசமாக எழுதினால் பிடிக்க வேண்டுமே என்று, ரூட்டுக்கு மட்டும் தெரியும் ஒரு கோப்பில் பெயர்கள் சேரும்படி செய்திருந்தேன்.

இதெல்லாம் இல்லாமல், இயந்திரத்தோடேயே வந்த ஒரு கட்டளை உண்டு. ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று வரிசையாகச் சொல்லும். அதற்கு ரூட் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆய்வகச் சாவியோடு காணாமல்போனவனைத் தேடுகிறவர்கள் அடிப்பார்கள். மனதில் யாரையாவது வைத்திருப்பவர்கள் அடிப்பார்கள். நான் தினமும் ஒரே ஒரு பெயரைச் சேர்த்து அடிப்பேன்.

பெங் ஷூ-ச்சின். கணக்குக்கு அவள் வைத்துக்கொண்ட பெயர் முள்ளங்கி. பேராசிரியர் வெய்யின் ஆய்வகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு. அதே ஆய்வகத்தில் தூ என்ற முனைவர் பட்ட மாணவர் இருந்தார். ஆறாவது வருடம். தன் கணக்குக்கு ஆமை என்று அவரே பெயர் வைத்திருந்தார்.

"தூ அண்ணே, இந்த வருஷமாவது கரை ஏறிடுவீங்களா?" என்பாள் அவள்.

"எனக்கு என்னம்மா அவசரம்? ஆமைக்கு ஆயுசு கெட்டி. நீ முள்ளங்கி, வெயில் வந்தா வதங்கிடுவ."

"காவக்காரரே, இவரை வெளிய தள்ளி கதவைச் சாத்துங்க. என் டெர்மினலை எட்டிப் பாக்கறாரு."

காவக்காரர் நான். அவள் அப்படிச் சொல்லும்போது பதில் பேச எனக்கு வாய் வராது. கொஞ்ச நேரம் கழித்து என் டெர்மினலிலிருந்து அவளுக்கு ஒரு வரி அனுப்புவேன். அது அவள் திரையின் அடியில் போய் விழும். தண்ணிப் பந்து எறிவது என்று அதற்குப் பெயர். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பவளுக்கு நான் பேசியதைவிட எறிந்ததுதான் அதிகம்.

நவம்பர் கடைசியில் அவர்கள் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் கலன் வெடித்தது. ஆ-தெ என்ற முதலாண்டு முதுகலை மாணவனின் வலது கண் போயிற்று. லொங்தான் பக்கத்துப் பையன், அப்பா தோஃபு செய்கிறவர். ஒரு வாரத்தில் துறை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்: விபத்துக்குக் காரணம் மாணவரின் கவனக்குறைவு.

டிசம்பர் ஆறு, செவ்வாய்க்கிழமை, பெயரற்ற பலகையில் ஒரு பதிவு வந்தது. தலைப்பு, 'அந்த மூன்று பக்கங்கள் எங்கே?' எரிவாயு உருளையின் வால்வு பழுது என்று ஆ-தெ ஆய்வகக் குறிப்பேட்டில் செப்டம்பரிலிருந்து மூன்று முறை எழுதியிருந்தான். ஒவ்வொன்றின் கீழும் பேராசிரியர் 'பிறகு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். விபத்துக்கு மறுநாள் அந்த மூன்று பக்கங்களும் கிழிக்கப்பட்டிருந்தன. இவ்வளவுதான். ஒரு வசைச் சொல் கிடையாது. எழுதியவர்: யாரோ. நேரம்: பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். பலகை எல்லாப் பதிவுக்கும் நேரம் போடும். அதை நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் காலை துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். ஈரப்பதம் உறிஞ்சும் கருவி மூலையில் முனகிக்கொண்டிருந்தது. எனக்கும் தேநீர் ஊற்றினார்.

"உக்காருப்பா லோ. யார் எழுதினது?"

"பேர் பதிவாகாது சார்."

"நிஜமாவா?"

"முதல் பக்கத்துலயே எழுதிருக்கேன் சார்."

அவர் கோப்பையை நகர்த்தி வைத்தார். "நல்லதுப்பா. எனக்கு யாரையும் வெரட்டணும்னு ஆசை இல்ல. ஆனா வெய் விடமாட்டார். எழுதினது யார்னு தெரிஞ்சா அந்தப் புள்ளைக்கு இங்க பட்டம் கெடைக்காது. உனக்குப் புரியுதா?"

புரிந்தது. படியேறி வந்து கதவைத் தாழிட்டு, கோப்பைத் திறந்தேன். முள்ளங்கி என்றிருந்தது. எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கோப்பை அழித்தேன். அழித்ததும் நெஞ்சு விம்மியது, ஒத்துக்கொள்கிறேன். வாழ்க்கையில் ஒருமுறை எதையோ சரியாகச் செய்துவிட்ட திமிர். அவள் உள்ளே இருந்ததால் ஒரு பந்து எறிந்தேன்: 'பயப்படாதே. அழிச்சாச்சு. இனி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.'

 பிறகு திரையின் அடியில் ஒரே வரி: 'உன்னைத்தான் நம்பியிருக்கேன், காவக்காரரே.'

இங்கேதான் வரிசை ஆடுகிறது.

அன்று நான் அந்த நான்கெழுத்துக் கட்டளையை அடித்தேன். அது நிச்சயம். அவள் பெயரைச் சேர்த்து அல்ல, வெறும் கட்டளையாக. செவ்வாய் பிற்பகல் மூன்று பன்னிரண்டுக்கு உள்ளே இருந்தவர்கள் நான்கு பேர் என்று பார்த்தேன்: நான், விளையாடிக்கொண்டிருந்த இரண்டு முதலாண்டுப் பையன்கள், முள்ளங்கி. வெய்யின் ஆய்வகத்தில் இருந்த ஏழு பேரில் அவள் ஒருத்திதான். இதைப் பார்த்தது நினைவிருக்கிறது. பார்த்தது தூ வருவதற்கு முன்பா, போன பின்பா என்பதுதான் இல்லை.

முன்பு என்றால், இந்தக் கட்டளை அவளைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கட்டளை படித்துச் சொல்லும் வருகைப் பதிவேட்டை ஒரு வரியில் காலி செய்யலாம், ரூட் என்னிடம் இருந்தது. அதுவும் வேண்டாம், பலகைப் பதிவின் நேரத்தை மாற்றி எழுதியிருக்கலாம். அந்தப் பதிவேடு பலகையைச் சேர்ந்ததல்ல, துறையின் சொத்து. அதைத் தொட்டால் என் தலை போகும். அந்தப் பயத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேனா?

பின்பு என்றால், தினமும் அவளைத் தேட நான் பயன்படுத்திய கட்டளையை மற்றவர்களும் பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியும் இருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவர்கள் உண்டு.

தூ வந்தது அன்று இரவு பதினோரு மணிக்கு மேல். காகிதத்தில் சுற்றிய ஒட்டரிசி உருண்டையை மென்றுகொண்டே வந்தார். அறைக்குள் சாப்பிடக் கூடாது என்பது விதி.  என் பக்கத்து டெர்மினலில் உட்கார்ந்து கையைக் கால்சட்டையில் துடைத்தார். பலகைக்குள் போய் அந்தப் பதிவைத் திறந்தார். நேரம் இருந்த வரியில் விரலை வைத்தார். வெளியே வந்து நான்கு எழுத்துகளை அடித்தார்.

திரை ஓடி நின்றது.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். நான் அவர் திரையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். வெளியே தூறல் ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நம்ம முள்ளங்கியா," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

"அண்ணே."

"என்ன?"

'பார்க்காத மாதிரி போயிடுங்க' என்று சொல்லியிருக்கலாம். ஆ-தெயின் பேரைச் சொல்லியிருக்கலாம். அவன் கையெழுத்தை இவரும் அந்தக் குறிப்பேட்டில் பார்த்தவர்தானே.   நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் அவர் எழுந்திருக்காமல் காத்திருந்தார் என்று இப்போது படுகிறது.

"ஆறு வருஷம், லோ," என்றார் கடைசியில். "யார்னு கண்டுபிடிச்சுக் குடுத்தா ஜூன்ல பட்டத்துக்குக் கையெழுத்துங்கிறார் வெய். இல்லைன்னா ஏழாவது வருஷம். ஊர்ல அம்மா இன்னும் படிப்பு முடியலையான்னு கேக்கறதையே விட்டுட்டாங்க. நீ எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. சரியா?"

தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். உருண்டையின் மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வாசலில் காலணி மாட்ட அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை, பெயரோடு எழுதும் பொதுப் பலகையில் அவள் சொந்தப் பெயரில் ஒரு பதிவு வந்தது. 'டிசம்பர் ஆறாம் தேதி நான் எழுதியது சரிபார்க்கப்படாதது. பேராசிரியருக்கும் ஆய்வகத்துக்கும் களங்கம் ஏற்படுத்தியதற்கு மனமார வருந்துகிறேன். பெங் ஷூ-ச்சின்.' எல்லாப் பதிவின் அடியிலும் அவரவர் எழுதிவைத்த ஒப்ப வரியை நிரல் தானாகவே சேர்க்கும். அதை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மன்னிப்பின் அடியில், 'குளிர்காலத்து முள்ளங்கிதான் இனிப்பு! வாங்கிப் பாருங்கள்!' என்று இருந்தது.

பெயரற்ற பலகையில் பதில்கள் வந்தன. 'முதுகெலும்பு வாடகைக்குக் கிடைக்குமா?' என்று ஒன்று. நான் அழித்த கோப்பை நிரல் புதிதாகத் தொடங்கியிருந்தது. திறந்து பார்த்தேன். புதன்கிழமை, நான் கோப்பை அழித்த பிறகு, 'யாரோ, நீ வாழ்க' என்று எழுதிய அதே ஆள்தான்.

திங்கட்கிழமை பிற்பகல் அவள் வந்தாள். மற்றவர்கள் இருவர் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் தங்கள் கணக்கை மூடிவிட்டு எழுந்து போனார்கள். அவள் டெர்மினலைத் தொடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். செருப்பு மாட்டாமல் வந்திருந்தாள். நனைந்த காலுறையின் தடம் வாசலிலிருந்து என் நாற்காலி வரை இருந்தது.

"அழிச்சேன்னு சொன்னியே லோ?"

"அழிச்சேன்."

"அப்பறம் எப்படி?"

விசைப்பலகையை நேராக்கி வைத்தேன்.

"தலைவரைக் கேட்டேன். மெஷினே சொல்லிடுச்சுங்கிறாரு. மெஷின்னா நீதானே?"

"நான் சொல்லல. சத்தியமா சொல்லல."

"சரி. நீ சொல்லல. அப்ப எப்படின்னு சொல்லு. எனக்கு வேற எதுவும் வேணாம். எப்படின்னு மட்டும் தெரியணும். ராத்திரி தூங்க முடியல."

நான்கு எழுத்து அடித்துக் காட்டினால் போதும். ஆனால் காட்டினால், தூ இங்கே உட்கார்ந்து பார்த்ததையும் சொல்ல வேண்டும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் சொல்ல வேண்டும். உனக்கு இது எப்போது தெரியும் என்று அவள் அடுத்துக் கேட்பாள்.

"தெரியல," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் மூணு தடவை எழுதினான் லோ," என்றாள். "நான் பக்கத்துல நின்னேன். மூணாவது தடவை, 'அக்கா, இவருக்குப் படிக்கத் தெரியாதா'ன்னு கேட்டு சிரிச்சான்."

பிறகு வந்த தடத்திலேயே திரும்பிப் போனாள். அன்று மாலையும் பழக்கத்தில் அவள் பெயரைச் சேர்த்து அந்தக் கட்டளையை அடித்தேன். புதிதாக வரி எதுவும் இல்லை.

ஷூ-ச்சின் ஜனவரியில் பட்டம் வாங்காமல் படிப்பை விட்டாள். பிங்ஜென்னில் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்குச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள் என்று கேள்வி. 2003இல் சொங்லி ரயில் நிலையத்தில் ஒருமுறை பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுப் போனாள். ஆ-தெ திரும்பி வரவில்லை. அப்பாவின் தோஃபுக் கடையை நடத்துகிறான். அந்த அறிவிப்பு மாற்றப்படவேயில்லை. தூ அந்த ஜூனிலேயே முனைவர் ஆனார். தெற்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தி, 2011இல் ஈரல் புற்றுநோயில் இறந்தார். பேராசிரியர் வெய் விருந்தும் மரியாதையுமாக ஓய்வு பெற்றார். துறைத்தலைவர் வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். இயந்திரத்தை 1998இல் பழைய சாமானுக்குப் போட்டார்கள்.

நான் கட்டாய ராணுவச் சேவை முடித்து ஒரு நிறுவனத்தில் கணினிப் பதிவேடுகளைக் காக்கும் வேலை பார்க்கிறேன். இயந்திரத்தில் இருந்ததையெல்லாம் அந்த டிசம்பர் கடைசியில் ஒரு காந்த நாடாவில் நகல் எடுத்திருந்தேன். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அன்று நான் அடித்த கட்டளைகளும் தூ அடித்தவையும், அடித்த வரிசையிலேயே அதில் இருக்கும். அந்த நாடாவைப் படிக்கும் கருவி தாய்பெய்யில் பழைய கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்கிறார்கள். நான் போய்த் தேடவில்லை.